தெய்வா அத்தைக்கு வைத்த படம்

"ஏன் கண்ணு, நான் எப்பச் செத்தேன்?"

போத்தனூரில் ஒரு தெருமுனை. காலை பதினொரு மணி வெயில். மின்கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே கட்டிய ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்றுகொண்டு வள்ளி அத்தை என்னிடம் கேட்டது இதுதான். அழவில்லை. கோபப்படவும் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டார்.

நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே தெய்வா அத்தையின் பெயர். நடுவில் ஒரு முகம். நெற்றி நிறையப் பொட்டு, இடது கண் மட்டும் லேசாகச் சிறுத்து, இதோ இப்போது யாரையோ கேலி பேசப் போகிறாற்போல ஒரு பார்வை. அதற்கு நேர் கீழே அதே முகம், முப்பது வருஷம் மூத்து, கக்கத்தில் மஞ்சப்பையை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது.

"அது நானு," என்றார் அத்தை. "அன்னைக்கு எனக்குக் கண்ணுல கட்டி. போட்டா வேண்டாம், வேண்டாம்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். அவதான் இழுத்துட்டுப் போனா."

உயிரோடு இருக்கிற ஒருத்தர் படத்துக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூட்டி அழ வைத்திருக்கிறேன். அதுவும் யார்? இந்த எழவுக்குப் பொறுப்பு நான்தான் என்று காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த நான்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில், நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கதைகளாகச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு வாசகி, "உங்களுக்கு வாழ்க்கையில் பயமே வந்ததில்லையா அம்மா?" என்று கேட்டு எழுதியிருந்தார். வந்தது, தாயே. இந்த வாரம் சிரிக்க வைக்க முடியும் என்று தோன்றவில்லை. எழுதுவதற்கு முன் வள்ளி அத்தையிடம் அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ. பேரையும் சேத்திப் போடு, மறைச்சு என்னாகப் போகுது" என்றார். அதனால் போடுகிறேன்.

காதால் பார்க்கிறவள்

என் அப்பாவுக்கு இரண்டு தங்கைகள். ஒரே நாளில் பிறந்தவர்கள். வள்ளியாத்தாள், தெய்வாத்தாள். முருகன் கோயிலுக்கு நேர்ந்து பிறந்த இரட்டை என்பதால் அந்தப் பெயர்கள். வள்ளி அத்தையைக் கிணத்துக்கடவில் தென்னந்தோப்புக்காரருக்குக் கொடுத்தார்கள். தெய்வா அத்தைக்கு ரயில்வேயில் வேலை பார்த்த மாப்பிள்ளை, போத்தனூரில் வீடு. பிள்ளை இல்லை.

முகம் ஒன்று என்றால் அப்படி ஒன்று. ஊரே குழம்பும். நான் மட்டும் ஒருநாளும் குழம்பியதில்லை என்று பெருமை பேசித் திரிந்தேன். நான் பார்த்தது முகத்தை அல்ல. கேட்டது குரலை.

குரலும் ஒன்றுதான். ஆனால் தெய்வா அத்தை பேச வாயெடுப்பதற்கு முன் ஒரு சின்ன மூச்சை உள்ளே இழுப்பார். கிணற்றில் வாளியை விடுவதற்கு முன் கயிற்றை ஒருதரம் சரிபார்க்கிறது போல. அதன் பிறகுதான் சொல் வரும். வள்ளி அத்தைக்கு அந்த வழக்கமே கிடையாது. எடுத்த எடுப்பில் பொரிந்து தள்ளுவார். பள்ளிக்கூடத்துக் காலத்திலேயே இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அடுத்த அறையில் இருந்துகொண்டே "தெய்வாத்தை!" என்று சரியாகக் கூப்பிட்டு மிட்டாய் வாங்குவேன்.

பின்னால் இந்தக் காதுதான் எனக்குச் சோறு போட்டது. ட்ரங்க் கால் போட்டு வெளியூருக்குப் பேசிய காலத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், "ஹலோ" என்ற ஒரு சொல்லிலேயே மில் முதலாளியா, மேஸ்திரியா, பொண்டாட்டியிடம் சண்டை போட்டுவிட்டு வந்தவரா என்று சொல்லிவிடுவேன். பக்கத்து நாற்காலிக்காரிகள் பந்தயம் கட்டுவார்கள். ஒருதரமும் தோற்றதில்லை.

முகம் எனக்கு எப்போதும் இரண்டாம் பட்சம். முகத்தைப் பார்க்காத அந்தக் குறை எங்கே வந்து என் கழுத்தைப் பிடித்தது பாருங்கள்.

சொன்ன நேரத்துக்கு வந்தார்கள்

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு மேரி டீச்சரிடமிருந்து போன். தெய்வா அத்தைக்குப் பக்கத்து வீடு, முப்பது வருஷப் பழக்கம்.

"கோமதி, சித்த கிளம்பி வாம்மா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்குத்தான் காது இருக்கிறதே, புரிந்துவிட்டது.

விடிந்து வாசல் தெளிக்க அத்தை வரவில்லை என்று மேரி டீச்சர் தன்னிடமிருந்த சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார். தூக்கத்திலேயே போயிருந்தார் அத்தை. போர்வை கலையவில்லை. நான் போய்ச் சேரும்போது டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

மாமா இறந்து பல வருஷம். மாமாவின் பக்கம் மிஞ்சியிருப்பது பங்காளி சென்னியப்ப மாமா ஒருத்தர். பிறந்த வீட்டுப் பக்கம் என் அப்பா இல்லை. தம்பி கனடாவில். வீடியோ காலில் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நீ பாத்துக்கோ" என்றான். நான் பார்த்துக்கொண்டேன். பின்னே யார் பார்ப்பார்கள்?

நீங்கள் எப்போதாவது ஒரு சாவு வீட்டை நடத்தியிருக்கிறீர்களா? கைபேசியைக் கையில் எடுத்தால் போதும். ஃப்ரீசர் பெட்டிக்கு ஒரு போன். பந்தல், நாற்காலி, தண்ணீர் கேனுக்கு ஒரு போன். மின்மயானத்தில் நேரம் குறிக்க ஒரு போன். அமரர் ஊர்திக்கு ஒரு போன். குழாய் ஒழுகுகிறது என்று பத்து நாளாகக் கூப்பிட்டு வராத ஊர் இது. அன்றைக்கு எட்டு மணிக்குள் எல்லாம் வந்து இறங்கிவிட்டது. ஒருவரும் வழி கேட்கவில்லை. வந்தார்கள், மாட்டினார்கள், கும்பிட்டார்கள், போனார்கள். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கு முதல் பயம். இவர்கள் எல்லாரும் எங்கேயோ பக்கத்திலேயே தயாராக நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது.

சென்னியப்ப மாமாவும் வந்தார். பந்தலில் முதல் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒரு நம்பரைக்கூட அழுத்தாமல் மொத்த ஏற்பாட்டையும் அவரே செய்து முடித்தார். "அதச் சொல்லியாச்சுங்களா அம்மணி? இதச் சொல்லியாச்சுங்களா?" என்று கேட்டபடி காபி குடித்தார்.

நடுவில் கிணத்துக்கடவுக்குப் போன் செய்தேன். அந்த எண்ணை அழுத்த எனக்குத் தயக்கமாக இருந்தது. சகோதரிகள் இருவரும் பேசிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதல் மணியிலேயே வள்ளி அத்தை எடுத்துவிட்டார்.

"அத்தை, நான் கோமதி..."

"தெரியும், சொல்லு."

"தெய்வாத்தை..."

"நாலு மணிக்கே எந்திரிச்சுத் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு உக்காந்திருக்கறேன் கண்ணு. யாரு கூப்புடப் போறீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன். பஸ்ஸேறி வாரேன்."

வைத்துவிட்டார். மேரி டீச்சரிடம் சொன்னேன். அவர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, "அதெல்லாம் இருக்கும்மா, ஒரே வயித்துல கெடந்தவங்க" என்றார்.

இரண்டு பட்டுப்புடவை, ஒரு படம்

ஃப்ளெக்ஸுக்குப் படம் வேண்டும் என்று கேட்டார்கள்.

தெய்வா அத்தைக்குப் படம் எடுத்துக்கொள்வது அறவே பிடிக்காது. கல்யாண வீடுகளில் கேமராவைக் கண்டால் பந்திக்குப் போய்விடுவார். ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் இருந்தது அத்தை அல்ல, போலீஸ் தேடுகிற யாரோ. அதை வைத்து அஞ்சலி செலுத்தினால் அத்தையே எழுந்து வந்து கிழித்துப் போடுவார்.

பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒரு பழைய படம் கிடைத்தது. ஆர்.எஸ்.புரத்தில் இப்போது நகைக்கடையாகிவிட்ட ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. ஒரே நிறத்தில் பட்டுப்புடவை கட்டி, ஒரே மாதிரி பூ வைத்து, இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை.

யார் எவர் என்று எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. அதுதான் கொடுமை. இடப்பக்கம் இருந்த முகத்தில் அந்தச் சிறுத்த கண்ணைப் பார்த்தேன். ஆகா, இதுதான் என் தெய்வாத்தை, இந்தக் கேலிதானே அவருடையது என்று எனக்கு நானே உருகிப் போனேன். இவர் மடியில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா?

அச்சுக் கடையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள். "ரெண்டு பேருல எவங்களுங்க மேடம்?"

"இவங்க" என்று விரலை வைத்தேன்.

அவள் ஒரு கோடு இழுத்தாள். தோளோடு தோள் இருந்தவர்கள் பிரிந்தார்கள். பிரித்த இடத்தில் மற்றவரின் தோள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் அதையும் துடைத்து, பின்னால் நீலவானம் போட்டுக் கொடுத்தாள். தெருமுனைக்குப் பெரிதாக ஒன்று, பெட்டியின் தலைமாட்டுக்குச் சட்டமிட்டு ஒன்று. மிச்சப் பாதி கம்ப்யூட்டர் திரையில் கொஞ்ச நேரம் நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. பூக்காரருக்குப் போன் செய்துகொண்டிருந்தேன்.

படத்தைத் தலைமாட்டில் வைத்ததும் பெண்கள் ஓவென்று அழுதார்கள். "அப்படியே இருக்கறாளே மகராசி" என்று நெஞ்சிலடித்துக்கொண்டார்கள். முப்பது வருஷம் சுவரை ஒட்டி வாழ்ந்த மேரி டீச்சரும் "இதேதான், இந்தப் பார்வைதான்" என்றார். அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்கு உள்ளே நிஜ முகம் படுத்திருக்கிறது, வெளியே வேறொரு முகத்தைப் பார்த்து ஊர் அழுகிறது.

இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"சித்த கீழ உக்காரு"

பன்னிரண்டு வருஷப் பகையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

வள்ளி அத்தையின் மூத்த மகன் கல்யாணம். மாமா இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெய்வா அத்தை பிள்ளையில்லாதவர். அந்தப் பையனைத் தன் பையனாகவே வளர்த்தவர். முதல் நாளே வந்து எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செய்தார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி அரக்கு நிறப் பட்டு எடுத்து வைத்திருந்தார் வள்ளி அத்தை.

மணவறையில் சீர் செய்யக் கூப்பிட்ட நேரத்தில் தெய்வா அத்தையும் படியில் கால் வைத்தார். பழக்கம். ஒருத்தி ஏறினால் மற்றவளும் ஏறுவது. கீழேயிருந்து யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். தாலியிழந்தவள் மணவறை ஏறுவதா என்று. கனைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவர் பெயரை ஏற்கனவே சொல்லியாயிற்று, காபி குடித்துக்கொண்டிருந்தார்.

வள்ளி அத்தை திரும்பிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, "தெய்வா, நீ சித்த கீழ உக்காரு" என்றார்.

நான் நாலாவது வரிசையில் இருந்தேன். அவ்வளவு நாதஸ்வரச் சத்தத்திலும் அந்தச் சின்ன மூச்சு எனக்குக் கேட்டது. உள்ளே இழுத்த மூச்சு. அதற்குப் பின்னால் சொல் வரவில்லை. தெய்வா அத்தை இறங்கினார். மண்டபத்துப் பெண்கள் அறையில் பட்டை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, பழைய புடவையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அதோடு சரி. வள்ளி அத்தை எத்தனையோ தரம் ஆள் விட்டும், வாசலுக்கே வந்து நின்றும் கதவு திறக்கவில்லை. நானும் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். "அவ கூப்புட்டா வருவேன். மேல வான்னு கூப்புடட்டும், வாரேன்" என்பார் தெய்வா அத்தை. கல்யாணம் முடிந்த பிறகு மேலே எங்கே கூப்பிடுவது?

இப்போது மறுபடி தெருமுனைக்கு வாருங்கள்.

"அத்தை, மன்னிச்சிருங்க. இப்பவே அவுத்துப் போடச் சொல்றேன். வேற அடிச்சு வாங்கிட்டு வர ஒரு மணி நேரம் போதும்" என்று கைபேசியை எடுத்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதையெல்லாம் நம்பாதவள் என்று இந்தப் பத்தியில் எத்தனையோ தரம் பீற்றியிருக்கிறேன். அந்த வெயிலில் அந்த இரண்டு முகத்துக்கும் நடுவில் நின்று பாருங்கள், தெரியும்.

வள்ளி அத்தை என் கையைப் பிடித்தார். கை ஜில்லென்றிருந்தது.

"அவுக்காத. இது உன்ற வேல இல்ல கண்ணு. அவ வேல."

"அத்தை..."

"மேடையேத்தாம உட்டேன்னு கோவிச்சுட்டுப் போனா. இன்னைக்கு என்னைய ஊரே பாக்கற மாதிரி மேடையேத்தி உட்டுட்டா. இருந்துட்டுப் போகட்டும். யாருகிட்டயும் மூச்சு உடாத."

பிறகு சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். தெருவில் நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், திரும்பி ஃப்ளெக்ஸைப் பார்த்தார்கள், பேச்சை நிறுத்தி வழிவிட்டார்கள். ஒரு பெண்மணி சுவரோரம் ஒண்டிக்கொண்டார். தெய்வா அத்தைக்கு இரட்டை உண்டு என்று அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கோடி

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து வருகிற புதுப்புடவையைப் போர்த்தாமல் தூக்க மாட்டார்கள். அதற்குக் கோடி என்று பெயர். யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் துணி வந்தாக வேண்டும்.

பிறந்த வீடு என்றால் இப்போது நான்தான். காலையிலேயே சென்னியப்ப மாமா உத்தரவு போட்டிருந்தார். "வெள்ளைங்க அம்மணி. கட்டுனவன் முன்னாலயே போயிட்டான். மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க." நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். எக்ஸ்சேஞ்சில் மேலதிகாரிகளையே வாயடைத்தவள். ஆனால் அன்றைக்கு, எல்லாம் ஒழுங்காக முடிந்தால் போதும் என்ற ஒரே நினைப்பில் வெள்ளைச் சேலை வாங்கிக் கொண்டுவந்து தட்டில் வைத்திருந்தேன். என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

பெட்டியைத் திறந்து அத்தையை வெளியே கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைத்தாயிற்று. "பொறந்த ஊட்டுக் கோடி வரட்டும்" என்று குரல் கொடுத்தார்கள். நான் தட்டை எடுத்தேன்.

வள்ளி அத்தை எனக்கு முன்னால் போய்விட்டார். மஞ்சப்பைக்குள் கைவிட்டு ஒன்றை வெளியே எடுத்தார். அந்துருண்டை வாசம் குப்பென்று வந்தது. அரக்கு நிறப் பட்டு. பன்னிரண்டு வருஷம் பிரிக்காமல் வைத்திருந்த மடிப்பு. அவர் உதறியபோது மடித்த கோடுகளில் நிறம் வெளுத்திருந்தது தெரிந்தது.

சென்னியப்ப மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். "அதெப்படீங்க, மொறையில்லாம..." என்று ஆரம்பித்தார்.

வள்ளி அத்தை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அத்தைக்கு நேர் பின்னால், தலைமாட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தில், மாலைக்கு நடுவே அதே முகம் இருந்தது. மாமாவின் கண் இந்த முகத்திலிருந்து அந்த முகத்துக்குப் போனது, திரும்பி வந்தது. மாமாவுக்கு அவர்கள் இரட்டை என்பது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, அந்த இடத்தில் நிற்பது வேறு. வாய் திறந்தபடி நின்றவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அத்தை பட்டைப் போர்த்தினார். கழுத்துவரை இழுத்துவிட்டு, குழந்தைக்குச் செய்வது போல இரண்டு பக்கமும் செருகினார். தன் நெற்றியிலிருந்த குங்குமத்தைத் தொட்டு அந்த நெற்றியில் வைத்தார். பிறகு காதோரம் குனிந்தார். ரகசியம் போலத்தான் சொன்னார், ஆனால் எனக்குக் கேட்டது.

"தெய்வா. மேல வா."

அருகில் நின்ற பெண்கள் "ஐயோ" என்று பின்வாங்கினார்கள். செத்தவர்களைப் பெயர் சொல்லி வா என்று கூப்பிடக் கூடாது. எந்தக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மேரி டீச்சர் என் முழங்கையை இறுக்கினார். அதே நேரம் வெறுமனே கிடந்த ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் ஒருமுறை குலுங்கி நின்றது. காலையிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய அந்த ரீங்காரம் நின்றதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. யாரோ சுவிட்சை அணைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிறகு விசாரித்தேன். அணைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த நிசப்தத்தில் எனக்கு ஒன்று கேட்டது. கேட்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒரு சின்ன மூச்சு. உள்ளே இழுத்த மூச்சு.

கட்டில் பக்கமிருந்தா, குனிந்திருந்தவர் பக்கமிருந்தா? இந்தக் காதுக்கு அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை.

அரக்குப் பட்டோடுதான் தூக்கினார்கள். சென்னியப்ப மாமாதான் முன்னால் பிடித்தார். என் வெள்ளைச் சேலை தட்டிலேயே கிடந்தது.

மிச்சப் பாதி

எல்லாம் முடிந்த பின், சட்டமிட்ட படத்தை நான் உடைத்துப் போடப் போனேன். வள்ளி அத்தை விடவில்லை. கிணத்துக்கடவுக்கு எடுத்துப்போய், தன் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டி, தினம் பூ வைக்கிறார். பேரப்பிள்ளைகள் அந்த அறைக்குள் போவதில்லை. மருமகள் என்னிடம் போனில் அழுதாள். "உசுரோட இருக்கறவங்க அவங்க படத்துக்கே வெளக்கு வெக்கறாங்க அக்கா, எனக்குப் பயமா இருக்குது" என்றாள். எனக்கு மட்டும் தைரியமா?

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் போன் செய்கிறேன். சும்மாதான் என்று சொல்லிக்கொள்கிறேன். அத்தைக்குத் தெரியும். "இருக்கறேன், இருக்கறேன். போயி காபியக் குடி" என்று பொரிந்துவிட்டு வைத்துவிடுவார். அந்த இரண்டு சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காபி இறங்கும். கருமாதிவரை ஒவ்வொரு நாளும் பயந்து செத்தேன். இவருக்கு ஏதாவது ஆனால் அதற்குக் காரணம் என் விரல். அந்தக் கடையில் 'இவங்க' என்று வைத்த விரல்.

கருமாதி அன்று அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பழுப்புக் கவரைக் கையில் திணித்தார்.

"அந்தக் கடைக்காரப் புள்ளைகிட்ட நானே போயி அடிச்சு வாங்கிட்டு வந்தேன். எனக்குப் போடறதுக்கு."

"என்னங்கத்தை பேசறீங்க!"

"அவளுக்கு என்ற படம் போட்டாச்சு. எனக்கு அவ படம் போடு. கணக்குச் சரியாப் போயிரும். நீதான் எனக்கும் செய்யோணும், பசங்க கையில உட்ராத. தெருமுனைலயே கட்டு. பெருசாக் கட்டு."

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தேன். நீலவானம் பின்னால். நடுவில் அந்த மிச்சப் பாதி.

முதல் தரமாக அந்த முகத்தைப் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே அளவு. கேலி இல்லை, சிரிப்பு இல்லை. உதடு மட்டும் கொஞ்சம் திறந்து, எதையோ சொல்வதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போது படம் பிடித்துவிட்டார்கள். இவர் மடியில்தான் வளர்ந்தேன். இவர் கையால்தான் சாப்பிட்டேன். தெருவில் எதிரே வந்தால் யாரோ என்று தாண்டிப் போயிருப்பேன். நான் அன்றைக்கு அழாத அழுகையையெல்லாம் அந்தக் கவரை வைத்துக்கொண்டு அழுது தீர்த்தேன்.

கவர் என் பீரோவில் இருக்கிறது. ஏழு மணி போனும் நிற்கவில்லை.

இன்று காலையும் கூப்பிட்டேன். மணி ஒருதரம் அடித்ததும் எடுத்தார்கள். "அத்தை, நான் கோமதி" என்றேன்.

பொரிந்து தள்ளவில்லை. அந்தப் பக்கம் ஒரு சின்ன மூச்சு, உள்ளே இழுத்தது. அப்புறம்தான் சொல் வந்தது.

"இருக்கறேன் கண்ணு."

எந்த அத்தை என்று நான் கேட்கவில்லை.